இடது பக்கத்து வலி

ஜூன் 18

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எப்போது வலிக்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், தானாகக் குறைந்ததா, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். பழைய டைரி ஒன்று வீட்டில் கிடந்தது.

முதுகு வலி என்று சொல்லித்தான் கிளினிக்குக்குள் போனேன். அவர் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணுமில்லையேப்பா" என்றார். அப்புறம்தான் சொன்னேன். இடது பக்கம், கீழே, இரண்டு தொடைக்கும் நடுவில்.

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"காய்ச்சல்? ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல்?"

"இல்லீங்க."

"கட்டி ஏதாச்சும் கைக்குத் தட்டுப்படுதா?"

"இல்லீங்க."

படுக்கச் சொன்னார், பார்க்கிறேன் என்று. வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன், இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். தொற்றாக இருக்கலாம் என்று பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இது முடிஞ்சும் வலி இருந்தா ஸ்கேன் பண்ணியே ஆகணும். நடுவுல திடீர்னு தாங்க முடியாத வலி, வாந்தின்னு வந்துச்சுன்னா எனக்காகக் காத்திருக்காத. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு. அது முறுக்கிக்கிட்டா சில மணி நேரம்தான் கணக்கு."

கிளினிக்குக்கு நான் நடந்துதான் போயிருந்தேன்.

ஜூன் 20

காலையில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டம்மாவுக்கு வகுப்பு. கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிடுகிறார். கார் குதிக்கிற ஒவ்வொரு தடவையும் வலித்தது. டிரைவிங் ஸ்கூல் வேலையில் இது ஒரு கஷ்டம், வண்டி நம் கையில் இல்லை. "என்ன சார், முகமெல்லாம் வேர்க்குது? நான் ஓட்றது அவ்வளவு பயமாவா இருக்குது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மத்தியானம் வலி இல்லை. சாயங்காலம் லேசாக. இழுத்துப் பிடித்தது போல, அடிவயிறு வரை.

ஜூன் 22

வலி இல்லை. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 25

சாதிக்கிடம் சொல்லிவிட்டேன். ஸ்கூலில் இன்னொரு காரில் கற்றுக்கொடுப்பவன் அவன். இத்தனை வருடத்தில் அவனிடம் மறைத்தது என்று எதுவும் இல்லை. டீக்கடையில் நான் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே குடித்ததைப் பார்த்து அவனே கேட்டான்.

சொன்னதும் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவன் தங்கை வீட்டுக்காரருக்கு அங்கே ரத்தக்குழாய் சுருண்டு வீங்கி இதே போல வலி இருந்ததாம், சின்ன ஆபரேஷனில் சரியாகிவிட்டது. அவன் சித்தப்பாவுக்குக் கல் சிறுநீரகத்தில், வலி மட்டும் இங்கே இறங்கியதாம். கூடப் படித்தவன் ஒருவனுக்கு முறுக்கிக்கொண்டது. வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப் போனான், எடுத்துவிட்டார்கள்.

"உனக்கு எதுன்னு நீயும் நானும் டீக்கடையில நின்னு கண்டுபுடிக்க முடியாது குணா. போய்க் காட்டு."

"மாத்திரை முடியட்டும்டா."

"உனக்குக் கல்யாணம் வேற வருது."

அதனால்தான் மாத்திரை முடியட்டும் என்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 29

மாத்திரை முடிந்தது. குறைந்திருக்கிறது. போக வேண்டிய அவசியமில்லை.

ஜூலை 3

பட்டு எடுக்கப் போனோம். பெண் வீட்டிலிருந்து எனக்கு நிச்சயமான சுபத்ராவும் அவள் அப்பா வெங்கிடுசாமியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பவானியிலிருந்து வேனில் வந்துவிட்டார்கள். அம்மா எனக்குத் தெரியாத உற்சாகத்தில் இருந்தாள். அப்பா போன பிறகு அவள் இப்படிச் சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. செப்டம்பர் ஐந்தாம் தேதி முகூர்த்தம் என்று கடைக்காரப் பையனிடம்கூடச் சொன்னாள்.

கடையில் எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். சம்மணம் போட முடியவில்லை. ஒரு காலை நீட்டி, கையை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். புடவையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த சுபத்ரா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் பக்கத்தில் வந்து கேட்டாள். "உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லீங்களா?"

"முதுகு. நாள் பூரா கார்லயே உட்கார்ந்திருக்கறேன்ல."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். மாத்திரை குடுத்தாரு."

இதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் எடுத்த புடவை அரக்குச் சிவப்பு.

ஜூலை 8

முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, அம்மா ஊர் ஊராகப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறாள். இன்று மூலனூர்ப் பக்கம், அவளுடைய பெரியப்பா மகன் நாச்சிமுத்து மாமா வீட்டுக்கு. அவருக்கு நேரில் கொடுக்காவிட்டால் கோபம் வருமாம்.

வலி அதிகம் இல்லை. கனமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 11

குளிக்கும்போது பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 15

ஜவுளிக்கடைக்கார அம்மாவைக் காவிரிப் பாலத்துக்குக் கூட்டிப் போனேன். எதிரே லாரி வந்ததும் அவர் பயந்து ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்து, எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்ததில் சீட்டின் ஓரத்தில் இடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வாந்தி வருவது போல இருந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பாவம், அந்த அம்மா தன்னால்தான் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழுதார். சாதிக்குக்குப் போன் போட்டதும் அவர்தான்.

சாதிக் என்னை எதுவும் கேட்காமல் நேராகக் கிளினிக்கில் கொண்டுபோய் இறக்கினான். இந்தத் தடவை வண்டி ரோட்டில் நிற்கிறது என்று சொல்ல முடியவில்லை. படுத்தேன். டாக்டர் கையுறை போட்டுப் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார், மறுபடியும் இடது பக்கம் பார்த்தார். 

"முறுக்கல் இல்ல. ஆனா இது கல்லு மாதிரி இருக்குதே. எப்பத்துல இருந்து?"

"இப்பத்தானுங்க."

கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். "தம்பி, இது இடிச்சதால வந்ததில்ல. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்" என்றார்.

நாளைக்கே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஜூலை 16

ஸ்கேன் சென்டரில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிக்கு மேல் கர்ப்பிணிகள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் மலர்விழி டாக்டர். போன வருடம் அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். ரிவர்ஸ் எடுக்க வராமல் மைதானத்தில் எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். அவர், "வாங்க சார், படுங்க" என்றார். துணியால் மூடி, எவ்வளவு விலக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் விலக்கச் சொன்னார். ஜெல் சில்லென்று இருந்தது. சீலிங்கில் ஒரு ஓட்டை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார், இப்போது தனியாகச் சேலம் வரை ஓட்டுகிறாராம். அப்புறம் கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"என்னங்க டாக்டர்?"

"நான் ரிப்போர்ட் எழுதிடறேன் சார். யூராலஜிஸ்ட்கிட்ட நாளைக்கே போங்க. கல்யாண வேலை, அது இதுன்னு தள்ளிப் போடாதீங்க."

கல்யாணம் என்று நான் சொல்லவேயில்லை. கையில் நிச்சயதார்த்த மோதிரம் புதிதாக இருக்கிறது, அதைப் பார்த்திருப்பார்.

ஜூலை 18

நேற்று ரத்தம் எடுத்தார்கள். இன்று யூராலஜி டாக்டர் சொல்லிவிட்டார். பெரும்பாலும் புற்றுநோய்தான். ஊசி குத்திப் பார்க்கக் கூடாதாம், பரவிவிடும். தொடை இடுக்கு வழியாகக் கிழித்து முழுதாக எடுத்து, அப்புறம்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மற்றது நன்றாக இருக்கிறது, ஒன்று போதும், எதுவும் குறையாது என்றார். ஆனாலும் பிறகு கீமோ மருந்து ஏற்ற வேண்டி வரலாம் என்பதால் ஆபரேஷனுக்கு முன்னால் விந்தை எடுத்துக் கோயம்புத்தூரில் சேமித்து வைத்துவிடுங்கள் என்றார்.

சாதிக்தான் கேட்டான். "டாக்டர், கேன்சர்னா வலிக்காதுன்னு சொல்றாங்களே?"

"நிறையப் பேருக்கு வலிக்கிறதில்ல. சில பேருக்குத்தான் இப்படிக் கனமா, மந்தமா ஒரு வலி இருக்கும். வலிக்காத கட்டியத்தான் ஜனங்க வருசக்கணக்கா வச்சிருக்கறாங்க. இவருக்கு வலிச்சது நல்லதுதான்."

நல்லது.

ஜூலை 19

அம்மாவிடம் சொன்னோம். சாதிக் பக்கத்தில் இருந்ததால் அவள் அழவில்லை. அவன் போனதும் கதவைச் சாத்தினாள்.

"பொண்ணு வீட்டுக்குச் சொல்ல வேண்டாங்கண்ணு."

"எப்படிம்மா?"

"குடல் எறக்கம்னு சொல்லிக்கலாம். அதுக்கும் அதே இடத்துலதான கிழிக்கறாங்க? முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் கெடக்குது. புண்ணு ஆறிப்போயிரும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ரெண்டு இருக்குதில்ல சாமி? ஒண்ணு போனா யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அவளைத் தேற்ற எனக்கு வரவில்லை. அடுக்களையில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. இரண்டு பேருமே எழுந்து போகவில்லை.

ஜூலை 22

சுபத்ரா வேலை செய்கிற கூட்டுறவு வங்கிக்குப் பக்கத்தில் ஒரு ஜூஸ் கடை. சாப்பாட்டு இடைவேளையில் வந்தாள். எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் ஒழுங்காக மனதில் அடுக்கி வைத்திருந்தேன். வாய் திறந்ததும் எல்லாம் கலைந்துபோயிற்று. "கீழ ஒரு கட்டி", "எடுக்கணும்", "பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க" என்று துண்டு துண்டாக வந்தது. எந்த இடம் என்று என் வாயால் சொல்லவே இல்லை. அவளாகப் புரிந்துகொண்டாள்.

"கேன்சருங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

அழவில்லை. கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பட்டு எடுக்கறப்ப முதுகு வலின்னு சொன்னீங்களே, அது இதுதானா?"

"ஆமா."

"அப்பவே கட்டி இருக்கறது தெரியுமா?"

டாக்டரிடம் சொன்ன பதிலைத்தான் சொல்லப் போனேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றேன்.

"எப்ப இருந்து?"

"சித்திரையில. குளிக்கறப்ப. பட்டாணி அளவுதான் இருந்துச்சு. வலிக்கல. அதனால விட்டுட்டேன்."

எங்கள் நிச்சயம் வைகாசியில் நடந்தது. அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.  வங்கிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். சாலையைக் கடக்கும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். கூட்டத்தில் போய்விட்டாள்.

ஜூலை 24

வெங்கிடுசாமி மட்டும் தனியாக வந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தார். குடிக்காமல் இருந்திருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

"தம்பி, உடம்ப நல்லாப் பாத்துக்கங்க. எங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் கோயமுத்தூர்ல இருக்கறாரு, வேணும்னா சொல்லுங்க. ஆனா கல்யாணத்த..." என்று நிறுத்தினார்.

அம்மா கையைக் கூப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, எம் பையனுக்கு ஒண்ணும் ஆகாதுங்ண்ணா. டாக்டரே சொல்லிட்டாரு. தேதிய வேணும்னா தள்ளி வச்சுக்கலாமுங்ண்ணா."

"எந்திரிங்கம்மா. என்னைய சங்கடப்படுத்தாதீங்க."

நான் சுவரோரம் நின்றிருந்தேன். அம்மாவைத் தூக்கியிருக்கலாம். குனிந்தால் இழுத்துப் பிடிக்கும் என்று நின்றேனா, இல்லை வேறு எதனாலா, தெரியவில்லை. கடைசியில் அவர்தான் அம்மாவைக் கைபிடித்து எழுப்பினார்.

ஜூலை 26

கோயம்புத்தூர். குழந்தைக்காக வந்த தம்பதிகள் நிறைந்த ஹால். நர்ஸ் நல்ல மாதிரிதான். "வொய்ஃப் வரலீங்களா சார்?" என்றார். சாதிக் என்னைக் காட்டி, "இன்னும் ஆகலீங்க" என்றான்.

ஒரு சின்ன அறை, ஒரு சோபா, ஒரு வாஷ்பேசின். ஒரு டப்பாவைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். எந்த நினைப்பை வரவழைத்தாலும் அரக்குச் சிவப்புப் புடவையில் வந்து நின்றது. வலி வேறு. வெளியே யாரோ குழந்தைப் பெயர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெறும் டப்பாவோடு வெளியே வந்தேன்.

நர்ஸ் அலுத்துக்கொள்ளவில்லை. "சாப்பிட்டுட்டு வாங்க சார், அவசரமில்ல" என்றார். சாதிக் பிரியாணி வாங்கித் தந்து, எங்கள் முதலாளி முதல் முதலாகக் கார் ஓட்டிச் சாக்கடையில் விட்ட கதையைச் சொன்னான். பல தடவை கேட்ட கதைதான். மத்தியானம் எப்படியோ கொடுத்துவிட்டேன். எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் சேமிக்கலாம் என்றார்கள்.

ஜூலை 30

நேற்று எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 2

வீட்டுக்கு வந்தாயிற்று. தையல் சுருக்கென்கிறது. அந்தப் பழைய வலி இல்லை. இத்தனை நாளும் அது எப்போது வரும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. இப்போதும் காத்திருக்கிறேன், வரவில்லை.

அக்கம்பக்கத்தில் அம்மா குடல் இறக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்பவர்களுக்கு ஜாதகத்தில் ஏதோ என்கிறாள்.

ஆகஸ்ட் 9

ரிசல்ட் வந்தது. அதுதான். சிடி ஸ்கேனில் வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி இரண்டு இடத்தில் நெறி கட்டியிருக்கிறது. மூன்று சுற்று மருந்து ஏற்ற வேண்டும்.

"சித்திரையிலயே வந்திருந்தா இது வேண்டியிருந்திருக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பிறகு, "இந்த நோய்ல பெரும்பாலானவங்க குணமாயிடறாங்க, அத நினைங்க" என்றார்.

பெரும்பாலானவர்கள். வீடு வரும் வரை அந்த வார்த்தைக்குள் நான் இருக்கிறேனா என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14

சுபத்ரா போன் செய்தாள். எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். சொன்னேன். 

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அப்பா வேண்டாம்னு சொல்லல. பத்துப் பேர்கிட்ட விசாரிச்சாரு, குணமாயிரும்னு சொன்னாங்க. உன் இஷ்டம்னு எங்கிட்ட விட்டுட்டாரு. வேண்டாம்னு சொன்னது நான்தான்."

"பரவால்ல."

"இல்ல, கேளுங்க. நோவுக்காக இல்ல. தெனமும் போன்ல பேசினோம். சோறு தின்னது, மழை பேஞ்சது எல்லாம் சொன்னீங்க. இத ஒருநாளும் சொல்லல. நாளைக்கு எனக்கோ புள்ளைக்கோ ஏதாச்சும்னா அப்பவும் இப்படித்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு இருப்பீங்களோன்னு பயமாப் போச்சு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். 

"மருந்து ஏத்தறப்ப நல்லாச் சாப்பிடுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 20

முதல் சுற்று ஏற்றுகிறார்கள். வாந்தி. எழுத முடியவில்லை.

செப்டம்பர் 2

தலையணையில் முடி. அம்மா நான் எழுவதற்குள் தட்டிவிட்டு வேறு உறை மாற்றிவிடுகிறாள்.

செப்டம்பர் 5

காலையில் அம்மா எதுவும் சொல்லாமல் இட்லி வைத்தாள். இன்று என்ன நாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பத்து மணிக்கு மேல் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். நாச்சிமுத்து மாமா. வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, கையில் பரிசுப் பொட்டலம். அம்மா எல்லோருக்கும் போன் செய்து நிறுத்திவிட்டாள், இவர் ஒருவரை விட்டுவிட்டாள். மறந்துவிட்டேன் என்கிறாள். நேரில் கொடுத்த பத்திரிகையைப் போனில் எப்படித் திருப்பி வாங்குவது என்று விட்டிருப்பாள்.

"மண்டபத்துல வேற யாரோ கல்யாணம் நடக்குதேம்மா ருக்கு? நான் மண்டபந்தான் மாறி வந்துட்டனோன்னு..." என்றவர் என் தலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் நான் சொன்னேன். "விதையில புத்துநோய் வந்துருச்சுங்க மாமா. ஒண்ணை எடுத்துட்டாங்க. மருந்து ஏத்திட்டு இருக்கறேன். கல்யாணம் நின்னுபோச்சு."

அம்மா உள்ளே போய்விட்டாள்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பொட்டலத்தின் நூலை நிமிண்டிக்கொண்டிருந்தார். அப்புறம் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அது ஆரம்பத்துல எப்படி இருந்துச்சு மாப்ள?" என்றார்.

"கனமா. இழுத்துப் புடிச்ச மாதிரி."

"வீக்கம்?"

"கல்லு மாதிரி கெட்டியா இருந்துச்சுங்க."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"மாமா, உங்களுக்கு ஏதாச்சும்..."

"சேச்சே. சும்மா கேட்டேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். "இன்னைக்கே போலாமுங்க. நம்ம டாக்டர் இருக்கறாரு, ஒரு ஸ்கேன், அரை மணி நேரம். உங்க வயசுக்கு வேற எதுவாவும் இருக்கலாமுங்க, குடல் எறக்கம், நீர் கோத்தது. ஆனா எதுன்னு பாத்தாத்தான தெரியும்?" என்றேன். கையைக்கூடப் பிடித்தேன். என் கையில் வலுவில்லை.

"வெங்காயம் புடுங்கற நேரம் மாப்ள. ஆள் கெடைக்கறதே பெரும்பாடு. அது முடியட்டும், பாத்துக்கலாம்."

சாப்பிடச் சொன்னாள் அம்மா, சாப்பிடவில்லை. பொட்டலத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். தெருமுனை வரை போகக்கூட எனக்குத் தெம்பில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கால்களைச் சற்று அகட்டி, அடி பார்த்துப் பார்த்து நடந்து போனார்.

அவர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் மனைவி சரசு அத்தைக்குப் போன் போட்டேன். எடுத்ததும் சந்தோஷமாக, "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா சாமி? மாமா வந்து சேந்தாரா? பொண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அவள் மூச்சு வாங்கும் வரை காத்திருந்தேன்.

"அத்தை, என் கதைய அப்புறம் சொல்றேன். முதல்ல மாமாவப் பத்திப் பேசணும்" என்றேன்.